சம்ப் அலாரம்: பஸ்ஸரைப் பார்த்து வாங்காதீர்கள், தண்ணீரில் கிடப்பதைப் பார்த்து வாங்குங்கள்

சென்னையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு சம்ப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. தெருக் குழாயில் வரும் மெட்ரோ வாட்டருக்கு மொட்டை மாடித் தொட்டி வரை ஏறும் அளவு அழுத்தம் கிடையாது, அதனால் தரைக்குக் கீழே ஒரு சம்பில் பிடித்து வைத்து, அங்கிருந்து மோட்டார் போட்டு மேலே ஏற்றுகிறோம். தொல்லை என்னவென்றால் சம்ப் கண்ணில் படாது. இரும்பு மூடியைத் தூக்கிப் பார்த்தால்தான் உண்டு. மேல் தொட்டி வழிந்தால் பக்கத்து வீட்டுக்காரராவது குரல் கொடுப்பார், சம்ப் காலியாகக் கிடப்பதை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். மோட்டார் கத்த ஆரம்பித்த பிறகுதான் தெரியும், அதற்குள் தண்ணீர் ஒழுகாமல் பிடிக்கும் அதன் மெக்கானிக்கல் சீல் போயிருக்கும்.

சரி, ஒரு அலாரம் வைத்துவிடலாம் என்று கடைக்குப் போனால் குழப்பம் அங்கேதான் ஆரம்பம். பாட்டுப் பாடும் பஸ்ஸர், தமிழில் பேசும் பெட்டி, அஞ்சு எல்இடி விளக்கு வைத்த இண்டிகேட்டர், வைஃபை, ஆப் என்று வரிசையாக எடுத்துக் காட்டுவார்கள். எல்லோரும் பார்த்து வாங்குவது அந்தப் பெட்டியைத்தான். ஆனால் பெட்டி கெட்டுப்போய் அலாரம் வேலை செய்யாமல் போவது குறைவு. பெரும்பாலும் போவது தண்ணீருக்குள் இருக்கிற சென்சார்தான். சென்சார் எந்த வகை என்று முதலில் முடிவு செய்துவிட்டால் மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

அதற்கும் முன்னால் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: உங்களுக்கு எது நடந்தால் தெரிய வேண்டும்? சம்ப் காலியாகப் போகிறது என்பதா, நிறைந்து வழியப் போகிறது என்பதா, தெருக் குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது என்பதா? மூன்றும் மூன்று வேலை. ஒரே பெட்டி மூன்றையும் செய்யும் என்று விற்பவர் சொன்னால் எப்படி என்று கேட்டுப் பாருங்கள்.

விலை குறைவானதிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு மூன்று கம்பிகளைத் தண்ணீருக்குள் தொங்கவிடுவது. தண்ணீர் இரண்டு கம்பியையும் தொட்டால் அதன் வழியாகச் சின்ன அளவில் மின்சாரம் பாயும், பஸ்ஸர் அடிக்கும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும், ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி காலேஜ் பையன்களே செய்துவிடுவார்கள். ஆரம்பத்தில் அருமையாக வேலை செய்யும். ஆனால் கம்பிகளில் நேர்மின்சாரம், அதாவது டிசி, ஓடிக்கொண்டே இருந்தால் மின்பகுப்பு நடக்கும். பாசிட்டிவ் பக்கத்துக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும், நெகட்டிவ் பக்கத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். செம்பு ஒயரை அப்படியே சீவிப் போட்டிருந்தால் பச்சைப் பிடித்து நூலாகிவிடும். போர் தண்ணீர் கலக்கும் சம்ப் என்றால் உப்பு அதிகம், இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கம்பி அரித்துவிட்டால் தண்ணீர் தொட்டாலும் அலாரம் அடிக்காது. இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. சம்ப் மூடிக்கு அடியில் எப்போதும் நீராவி முத்து முத்தாகப் படிந்திருக்கும். அது கம்பிகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் மேல் படலமாகப் பரவினால், சம்பில் பாதித் தண்ணீர்கூட இல்லாதபோது நடுராத்திரியில் நிறைந்துவிட்டது என்று கத்தும். இப்படி இரண்டு ராத்திரி கத்தினால் மூன்றாவது நாள் வீட்டில் யாராவது ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள்.

கம்பி வகையை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. எவர்சில்வர் கம்பி போட்டு, டிசிக்குப் பதிலாக ஏசியோ விட்டு விட்டு வரும் துடிப்போ கொடுக்கும் சர்க்யூட் என்றால் நெடுநாள் தாங்கும். ஆனால் பெட்டி மேல் அதையெல்லாம் எழுதியிருக்க மாட்டார்கள்.

இந்த வகையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், ஒரு பெரிய கெப்பாசிட்டரை மட்டும் வைத்து 230 வோல்ட்டைக் குறைத்து ஓடும் மலிவுப் பெட்டிகள் உண்டு. அவற்றில் குறைந்த வோல்ட்டேஜ்தான் இருக்கும், ஆனால் அது வீட்டு லைனிலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. தண்ணீரில் தொங்கும் கம்பிக்கும் லைனுக்கும் நேரடித் தொடர்பு இருக்கும். அந்தத் தண்ணீரில்தான் நாம் குளிக்கிறோம், வாளி விட்டு மொள்ளுகிறோம். சென்சார் ஒயரில் எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்து, அது நன்றாக எரிந்தால் அந்தப் பெட்டி சம்ப் பக்கமே போகக்கூடாது. தனி 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவதாக வாங்குங்கள், அதையும் பிஐஎஸ் பதிவு முத்திரை (R- என்று தொடங்கும் எண்) பார்த்து வாங்குங்கள். வீட்டில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லை என்றால் அலாரத்துக்கு முன்னால் அதைப் போடுங்கள்.

அடுத்தது காந்த மிதவை. என் ஓட்டு இதற்குத்தான், காரணம் சொல்கிறேன். நடுவில் ஒரு குச்சி, அதற்குள் ரீட் சுவிட்ச் என்ற சின்னக் கண்ணாடிக் குழாய். குச்சியைச் சுற்றி வளையம் போல ஒரு மிதவை, அதற்குள் காந்தம். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், காந்தம் கிட்டே வந்ததும் உள்ளே இருக்கும் இரண்டு தகடுகள் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். தண்ணீரை மின்சாரம் தொடுவதே இல்லை. உப்பு, டிடிஎஸ், நீராவிப் படலம் எதுவும் இதைப் பாதிக்காது. அடியில் உள்ள க்ளிப்பைக் கழற்றி மிதவையைத் தலைகீழாகப் போட்டால் சுவிட்சும் தலைகீழாக வேலை செய்யும், பெரும்பாலான மாடல்களில் இது முடியும். அதாவது ஒரே சாமானை நிறைந்தால் அடிக்கவும் வைக்கலாம், குறைந்தால் அடிக்கவும் வைக்கலாம். பிளாஸ்டிக்கில் வந்தால் நூறு இருநூறு ரூபாய், எவர்சில்வர் என்றால் கொஞ்சம் கூட.

குறை இல்லாமல் இல்லை. ரீட் சுவிட்ச் பஸ்ஸரையோ ஒரு ரிலேயையோதான் (சின்ன கரன்ட்டால் இயங்கி வேறொரு லைனைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) தாங்கும். மோட்டாரை நேரடியாக அதில் கோர்த்தால் முதல் தடவையே உள்ளே தகடுகள் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம், இரும்புச்சத்துள்ள போர் தண்ணீரில் மிதக்கும் துருத்தூள் காந்தத்தில் வந்து ஒட்டும், சம்ப் அடியில் இருக்கும் வண்டல் மிதவைக்கும் குச்சிக்கும் நடுவில் போய் அடைக்கும். அதனால் அடிமட்டத்துக்கு ரொம்பக் கிட்டே வைக்கக் கூடாது, அவ்வப்போது எடுத்துக் கழுவ வேண்டும்.

எடுத்துக் கழுவ வேண்டும் என்றால் எளிதில் எடுக்கும்படி மாட்டியிருக்க வேண்டும். அரை இஞ்ச் பிவிசி பைப் ஒன்றை சம்ப் ஆழத்துக்கு வெட்டி, மூடியின் விளிம்பில் ஒரு கிளாம்ப் போட்டுத் தொங்கவிடுங்கள். பைப்பில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு மேலே ஒரு மிதவை, கீழே ஒரு மிதவை. ஒயர் பைப்புக்குள்ளேயே மேலே வரட்டும். ஒயர் ஜாயின்ட் எதுவும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. மேலே கொண்டுவந்து ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள். லாரித் தண்ணீர் வாங்கும் வீடு என்றால், அந்த ஹோஸிலிருந்து கொட்டும் வேகத்தில் மிதவை ஆட்டம் போட்டு பஸ்ஸர் விட்டு விட்டு அலறும். அதற்கு இந்தப் பைப்பைச் சுற்றி நாலு இஞ்ச் பைப் ஒன்றை ஓட்டை போட்டு மாட்டினால் உள்ளே தண்ணீர் அமைதியாக ஏறும். இத்தனையும் மேலே நின்றே செய்யலாம். சென்சார் மாட்ட சம்புக்குள் ஆளை இறக்காதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். மூடியே கிடந்த சம்பில் மூச்சுத் திணறி இறந்தவர்கள் செய்தி வருடம் தவறாமல் வருகிறது.

கீழ் மிதவையை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதில்தான் கணக்கு இருக்கிறது. 8 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி ஆழம் உள்ள சம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 288 கன அடி, கன அடிக்கு 28.3 லிட்டர், மொத்தம் 8,150 லிட்டர். ஒரு இஞ்சுக்கு ஏறக்குறைய 113 லிட்டர் வரும். 6,000 லிட்டர் லாரி ஒன்று முழுதாகக் கொட்ட 53 இஞ்ச், அதாவது நாலரை அடிக்குக் கொஞ்சம் குறைவான இடம் வேண்டும். நிறை அளவை மேலிருந்து அரை அடி கீழே வைத்துக்கொண்டால், கீழ் மிதவை தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வரும். மோட்டார் தண்ணீரை உறிஞ்சும் சக்ஷன் பைப்பின் அடி நுனியில் உள்ள ஃபுட் வால்வ் பொதுவாகத் தரையிலிருந்து அரை அடி மேலே இருப்பதால் அப்போதும் அதன் தலைக்கு மேல் அரை அடி தண்ணீர் நிற்கும். ஆகவே அந்த ஒரு பஸ்ஸர் இரண்டு சேதி சொல்கிறது: இனி மோட்டார் போடாதே, இப்போது லாரி சொன்னால் ஒரு சொட்டு தெருவுக்குப் போகாது. காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீர் வாசலில் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். உங்கள் சம்ப் அளவு வேறாக இருக்கும், நீள அகலத்தை அளந்து ஒரு இஞ்சுக்கு எத்தனை லிட்டர் என்று மூடியின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதி வையுங்கள்.

கேபிள் ஃப்ளோட் சுவிட்ச் என்று இன்னொன்று இருக்கிறது, கைக்கு அடங்கும் அளவில், ஒயர் நுனியில் முட்டை போலத் தொங்குவது. தண்ணீர் ஏறினால் கவிழ்ந்து படுக்கும், இறங்கினால் தொங்கும், உள்ளே இருக்கும் மைக்ரோ சுவிட்ச் மாறும். உழைப்பில் இதற்கு நிகர் இல்லை, வண்டலும் பாசியும் ஒன்றும் செய்யாது. ஆனால் ஊஞ்சல் போல ஆட இடம் வேண்டும். நாலுக்கு நாலு அடி சம்பில் சக்ஷன் பைப், கயிறு, இறங்கும் படிக்கம்பி எல்லாம் நெருக்கியடித்து இருக்கும்போது எதிலாவது மாட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். இதை நேராக 230 வோல்ட்டில் இணைத்துவிடுவது நம் ஊர் எலக்ட்ரீஷியன்களின் வழக்கம், பெட்டியில் 10 ஆம்ப், 16 ஆம்ப் என்று போட்டிருப்பதால். கேபிள் தோல் உரிந்தால் கரன்ட் தண்ணீரில். 12 வோல்ட் ரிலே வழியாக மட்டும் இணைக்கச் சொல்லுங்கள், மோட்டாரை ரிலே இயக்கும் கான்டாக்டர் (பெரிய கரன்ட்டைத் தாங்கும் சுவிட்ச்) பார்த்துக்கொள்ளட்டும். உள்ளே வரும் மூன்று ஒயரில் எது காமன் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் பார்ப்பது நல்லது.

அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தள கார் பார்க்கிங்கில் மழைநீர் சேரும் குழி, கழிவுநீர்க் குழி, இதற்கெல்லாம் கேபிள் ஃப்ளோட் தவிர வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். காந்த மிதவை அங்கே ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

இனி விலை கூடிய பக்கம். சம்பையும் மேல் தொட்டியையும் சேர்த்துப் பார்த்து மோட்டாரைத் தானே போட்டுத் தானே நிறுத்தும் முழு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர், ஏறக்குறைய இரண்டாயிரத்திலிருந்து. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இது சரி, அலாரம் அடித்து அவர்கள் மாடிப்படி இறங்கி வந்து சுவிட்சை அணைக்க வேண்டியதில்லை. ஆனால் இதோடு வரும் சென்சார் பெரும்பாலும் நான் முதலில் சொன்ன கம்பி வகைதான். மிதவை சென்சாரோடு வருகிற மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள். கன்ட்ரோலரைச் சுற்றிப் போகிற ஒரு சாதா சுவிட்சும் கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெட்டி பழுதான நாளில் வீட்டுக்கே தண்ணீர் இல்லை.

மோட்டாரைக் காப்பாற்றுவது மட்டும்தான் நோக்கம் என்றால் சம்புக்குள் எதையுமே போடாத வழி ஒன்றும் உண்டு. ட்ரை ரன் ப்ரொடெக்டர். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார் இழுக்கும் கரன்ட் குறையும், அதைப் பார்த்து நிறுத்திவிடும். சென்சார் கழுவுவது, ஒயர் இழுப்பது எதுவும் இல்லை. மோட்டாரோடு ஒருமுறை சரியாக செட் செய்ய வேண்டும், வோல்ட்டேஜ் மிகவும் ஏறி இறங்கும் ஏரியாவில் சும்மாவே நிறுத்தித் தொல்லை செய்யும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

அல்ட்ராசோனிக்கும் வைஃபையும் பார்க்க ஆசையாக இருக்கும். மூடியின் அடியில் சென்சார், அது ஒலியலை அனுப்பி எதிரொலியை வைத்து மட்டம் சொல்லும், போனில் சதவீதம் தெரியும். நடைமுறையில் என்ன ஆகிறது? சென்சாருக்கு நேர் கீழே இருபது இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு அதற்குக் கண் தெரியாது, அதாவது வழியப் போகிற நேரத்தில்தான் குருடாகும். முகத்தில் நீராவித் துளி படிந்தால் கணக்குத் தப்பும். சக்ஷன் பைப்பில் பட்டு எதிரொலித்தால் பைப்பைத் தண்ணீர் என்று நினைக்கும். இரும்பு மூடிக்குள் வைஃபை சிக்னல் போகாது, ஆன்டெனாவை வெளியே இழுக்க வேண்டும். ஆப் நடத்தும் கம்பெனி சர்வரை மூடிவிட்டால் பெட்டி வெறும் டப்பா. இது யாருக்கு உதவும் என்றால், துபாயிலோ டல்லாஸிலோ இருந்துகொண்டு ஊரில் அம்மா வீட்டுச் சம்பைக் கவனிக்கிறவர்களுக்கு, அப்புறம் நாற்பது ஐம்பது வீட்டுக்கு லாரிக் கணக்கு வைக்க வேண்டிய அசோசியேஷன்களுக்கு. தனி வீட்டில் சமையலறையில் நிற்கும் ஆளுக்குச் சேதி சொல்ல சாட்டிலைட் எதற்கு?

சம்ப் நிறைந்து வழிவதற்கு அலாரமே தேவையில்லாத வீடுகளும் உண்டு. தெருக் குழாய்த் தண்ணீர் மட்டும்தான் என்றால் வரும் பைப்பின் வாயில் ஒரு நல்ல பித்தளை பால் வால்வ் (பந்து மிதவை வைத்த வால்வ்) போடுங்கள், நிறைந்ததும் தானே மூடிக்கொள்ளும், கரன்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். வாஷர் தேய்ந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். லாரிக்கு இது உதவாது. ஹோஸை மூடி வழியாக உள்ளே விடுகிறார்கள், பால் வால்வ் பாட்டுக்கு ஓரமாக மிதந்துகொண்டிருக்கும். குழாய்க்கு பால் வால்வ், லாரிக்கு மேல் மிதவை.

தண்ணீர் வருகிறது என்று சொல்லும் அலாரத்தைத்தான் கடைகளில் கண்டுகொள்வதே இல்லை, விடியற்காலை எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருக்கும் தெருக்களில் உண்மையில் தேவைப்படுவது அதுதான். கைவேலையில் ஒரு வழி: சம்புக்குள் வரும் பைப்பின் வாய்க்கு நேர் கீழே சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கட்டுங்கள், அதன் அடியில் ஊசி அளவு ஓட்டை, உள்ளே ஒரு காந்த மிதவை. தண்ணீர் வந்தால் டப்பா உடனே நிறைந்து மணி அடிக்கும், நின்றால் ஓட்டை வழியாக வடிந்து மணி நிற்கும். ஓட்டையை அவ்வப்போது குத்திவிட வேண்டும், மணல் அடைக்கும்.

மழைக்காலத்தில் மேல் மிதவைக்கு இன்னொரு வேலை வந்து சேருகிறது. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பழைய வீடுகளின் சம்ப் மூடி தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருத் தண்ணீர் சாக்கடையோடு சேர்ந்து சம்பில் இறங்கியது எத்தனை வீடுகளில்! குழாய் வராத நேரம், லாரி வராத நேரம், ஆனால் நிறைந்த மணி அடிக்கிறது என்றால் உள்ளே வருவது தெருத் தண்ணீர். முதல் காரியம் மோட்டாரைப் போடாதீர்கள், போட்டால் மேல் தொட்டியும் கெட்டுவிடும். மூடியைச் சுற்றி ஒரு அடி உயரத்துக்குச் செங்கல் கட்டி சிமென்ட் பூசிவிடுவது எந்த அலாரத்தையும்விட நல்ல முதலீடு.

மழை அன்றைக்குக் கரன்ட் இருக்காது என்பதையும் யோசியுங்கள். அடாப்டரை மட்டும் நம்பும் அலாரம் அப்போது ஊமை. 9 வோல்ட் பேட்டரி ஒன்று உள்ளே இருக்கும்படி வாங்குங்கள், அல்லது வீட்டு இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். பஸ்ஸர் சமையலறையிலோ படுக்கையறைக்கு வெளியிலோ இருக்கட்டும், மோட்டார் ரூமில் அடித்து யாருக்குக் கேட்கப்போகிறது. நிறுத்த ஒரு மியூட் பட்டன் கட்டாயம் வேண்டும். கீழ் மிதவை காட்டும் நிலை லாரி வரும்வரை மணிக்கணக்கில் நீடிக்கும், அதுவரை வீட்டில் எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மியூட் போட்டாலும் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும் மாடல் கிடைத்தால் அதை எடுங்கள்.

சொந்த வீடு, குழாயும் லாரியும் இரண்டும் உண்டு என்றால் என் பட்டியல்: காந்த மிதவை இரண்டு, பேட்டரியோடு 12 வோல்ட் பஸ்ஸர், பித்தளை பால் வால்வ், மோட்டாருக்கு ட்ரை ரன் ப்ரொடெக்டர். பஸ்ஸரும் மிதவையும் பைப்பும் சேர்த்தே ஆயிரத்துக்குள் அடங்கிவிடும், எலக்ட்ரீஷியன் கூலி தனி. சம்ப் கழுவும் நாளில் அந்தப் பைப்பை வெளியே எடுத்து, பிரஷ்ஷால் துருவைத் துடைத்து, மிதவைகளைக் கையால் மேலே தள்ளியும் கீழே விட்டும் மணி அடிக்கிறதா, நிற்கிறதா என்று உள்ளே ஒரு ஆளை நிறுத்திக் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.